வேலி அறியாத பகை

தென்னையின் இளங்கன்றை நாம் தென்னம்பிள்ளை என்று அழைக்கிறோம். மாவுக்கும் பலாவுக்கும் கன்று என்ற சொல்லே போதுமாயிருக்க, தென்னைக்குப் பிள்ளை என்ற பெயரை நம் முன்னோர் வழங்கினர். அப்பெயர் பொருத்தமானதே. ஐந்தாறு ஆண்டுகள் நாம் அதனைக் காத்து வளர்த்தால், பின்னர் ஐம்பது அறுபது ஆண்டுகள் அது நம் வீட்டைக் காத்து நிற்கிறது. கறிக்குத் தேங்காயும், விளக்குக்கு எண்ணெயும், அடுப்புக்கு மட்டையும், கயிற்றுக்குத் தும்பும், வேலிக்குக் கிடுகும் அளிக்கும் இம்மரத்தின் பயனை இலங்கையில் வாழும் நேயர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தென்னையின் பகைவரும் அவர்களை எதிர்ப்பதில் ஓர் ஊருக்கு உள்ள கடமையும் ஆகும்.

ஒரு வளவுக்கும் மறு வளவுக்கும் இடையே வேலி அடைப்பது நமது வழக்கம். யாழ்ப்பாணத்தில் வேலி ஒரு சாண் நகர்ந்தாலும் வழக்கு நீதிமன்றம் வரை செல்லும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் தென்னையை அழிக்கும் வண்டுக்கும் புழுவுக்கும் வேலி என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. என் தென்னையை நான் பார்த்துக்கொள்கிறேன், அயலவர் தம் தென்னையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருப்பவர், எவ்வளவு முயன்றாலும் தம் மரத்தை முழுமையாகக் காத்துக்கொள்ள இயலாது. ஏன் இயலாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலிற் கருவண்டை எடுத்துக்கொள்வோம். தலையிற் கொம்புடையதாகையால் இதனைக் காண்டாமிருக வண்டு என்றும் கூறுவர். பகலில் மறைந்திருந்து இரவிற் பறக்கும் இயல்புடையது. வட்டின் நடுவே விரியாது நிற்கும் குருத்தைத் துளைத்து உட்சென்று, அதன் இளந்தசையை மென்று சாற்றை உண்ணும். பின்னர் அக்குருத்து விரிந்து ஓலையாகும்போது, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வடிவிற் குறைபட்டுத் தோன்றும். அதனைக் கண்டதும் வண்டு வந்துவிட்டதென்று நாம் பதறுகிறோம். உண்மையில் அது வந்து சென்று பல நாட்கள் கழிந்திருக்கும். முதிர்ந்த மரம் இத்தாக்குதலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுப் பிள்ளையின் வளர்முனையை வண்டு கடித்துவிட்டாலோ, அப்பிள்ளை பட்டுப்போகும்.

இவ்வண்டு எங்கே பிறக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தென்னையின் உச்சியில் அது பிறப்பதில்லை. விழுந்து உக்கிய தென்னங்குற்றியிலும், நாட்பட்ட எருக்கும்பியிலும், மரத்தூட் குவியலிலும் பெண் வண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு வெண்மையான உடலும் கபில நிறத் தலையும் உடையதாய், வளைந்து சுருண்டு கிடக்கும். எருவைக் கிளறும்போது இதனைக் காணாத கமக்காரர் இரார். சில மாதங்கள் அங்கேயே உண்டு கொழுத்து, கூட்டுப்புழுவாகி, பின் வண்டாகி வெளியேறுகிறது. அவ்வாறு வெளியேறும் வண்டு, தான் பிறந்த வளவில் உள்ள தென்னையையே நாட வேண்டும் என்ற நியதி இல்லை. ஆதலின், ஒருவர் வளவின் மூலையிற் கிடக்கும் ஒரே குற்றி, அந்த ஒழுங்கையின் இரு பக்கத்து வீடுகளிலும் நிற்கும் பிள்ளைகளுக்கெல்லாம் யமனை வளர்க்கும் தொட்டிலாகிறது.

கருவண்டு செய்யும் கேடு அதனோடு முடிவதில்லை. அது குடைந்த காயத்தைத் தேடி வேறொரு பகைவன் வருகிறான். அவனே செவ்வண்டு. செந்நிறமும் நீண்டு வளைந்த மூக்கும் உடைய இவ்வண்டு, பெரும்பாலும் மூன்று முதல் பத்து ஆண்டு வரையான இளந்தென்னைகளையே நாடுகிறது. காயம்பட்ட இடத்திலிருந்து கசியும் சாற்றின் மணம் அதனை அழைத்து வருகிறது. ஒரு பெண் வண்டு இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. சில நாட்களிலேயே முட்டை பொரித்துப் புழுக்கள் மரத்தின் உள்ளே சென்றுவிடும். வெளியே மரம் பசுமையாகத் தோன்றும். உள்ளே அது கூழாகிக்கொண்டிருக்கும். தண்டிற் சிறு துவாரங்களும், அவற்றிலிருந்து வடியும் கபில நிறக் கசிவும், மென்று துப்பியது போன்ற நாரும் காணப்பட்டால் ஐயம் கொள்ள வேண்டும். மரத்திற் காதை வைத்துக் கேட்டால் புழுக்கள் கறும்பும் ஓசை கேட்பதும் உண்டு. வட்டு முறிந்து சாய்ந்தபின் வைத்தியம் ஒன்றும் இல்லை.

ஆகவே, குற்றி உக்குகிறது, கருவண்டு பிறக்கிறது, அது காயத்தை உண்டாக்குகிறது, செவ்வண்டு அக்காயத்தின் வழியே உட்புகுகிறது, மரம் வீழ்கிறது, வீழ்ந்த மரம் மீண்டும் குற்றியாய் உக்குகிறது. இச்சங்கிலியை அறுப்பதற்கு மிக எளிய இடம் அதன் முதற் கண்ணியே. வீழ்ந்த மரத்தைத் துண்டாக்கிப் பிளந்து, காயவைத்து எரித்துவிட வேண்டும். எருக்கும்பியை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிளறிப் புரட்டி, வெளிப்படும் புழுக்களைக் கோழிகளுக்கு இட வேண்டும். இளம்பிள்ளையின் குருத்தை அடுத்த மட்டை இடுக்குகளிற் பூச்சி உருண்டைகளை இட்டு மணலால் மூடுவதும் வண்டை அண்டவிடாது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல், ஏறக்குறைய நான்கு அடி நீளம் விட்டு வெட்ட வேண்டும். வெட்டுவாயின் மணத்தை நாடி வரும் செவ்வண்டின் புழு அப்போது தண்டை அடைவது அரிது. வேலிக் கம்பியைத் தென்னையில் ஆணி அடித்து இழுத்துக் கட்டும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று. ஒவ்வோர் ஆணியும் செவ்வண்டுக்கு ஒரு வாயில்.

இவ்விரு வண்டுகளையும் பிடிப்பதற்கு வாசனைப் பொறிகள் இன்று பயன்படுகின்றன. வண்டுகள் தம் இனத்தை அழைக்க வெளியிடும் வாசனைப் பொருளைச் செயற்கையாக ஆக்கி, வாளி ஒன்றிற் கட்டித் தொங்கவிட்டால், அதனை நாடி வரும் வண்டுகள் வாளியில் விழுந்து மடியும். நல்ல கருவிதான். எனினும் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊரில் ஒருவர் மாத்திரம் தம் தோட்டத்தில் இப்பொறியைத் தொங்கவிட்டால், அயல் எங்கும் உள்ள வண்டுகள் அவருடைய தோட்டத்தை நோக்கிப் புறப்படும். அவற்றுள் ஒரு பகுதி வாளியில் விழும். மற்றொரு பகுதி அருகில் நிற்கும் அவருடைய தென்னையிலேயே குடியேறும். பல தோட்டத்தார் ஒன்றுசேர்ந்து ஊர் முழுவதும் பரவலாகப் பொறிகளை வைத்து, தவறாமற் பராமரித்தால் மட்டுமே முழுப்பயன் கிட்டும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பகைவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1997 ஆம் ஆண்டின் இறுதியிற் கற்பிட்டிக் குடாநாட்டுத் தென்னைகளின் குரும்பைகளில் ஒரு புதிய நோய் காணப்பட்டது. தேங்காயின் காம்பை அடுத்துத் தொப்பிபோல் மூடியிருக்கும் இதழ்களின் கீழே வெண்ணிற முக்கோணத் தழும்பு தோன்றி, பின் கபில நிறமாகி, காய் வளர வளர வெடித்துப் பொருக்குத் தட்டியது. காய்கள் சிறுத்தன, சில குரும்பையிலேயே உதிர்ந்தன. இதற்குக் காரணம் தென்னைச் சிற்றுண்ணி. ஒரு மில்லிமீற்றரின் நான்கில் ஒரு பங்களவே நீளமுள்ள இவ்வுயிர், 1965 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டது. இறகில்லாத இது காற்றில் மிதந்தே மரத்துக்கு மரம் செல்கிறது. காற்றை எந்த வேலி தடுக்கும்? கற்பிட்டியில் தொடங்கிய தாக்கம் சில ஆண்டுகளுக்குள் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையத்தார், இச்சிற்றுண்ணியைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணியைப் பெருந்தொகையாக வளர்த்துத் தோட்டங்களில் விடும் முறையைக் கையாண்டனர்.

பகைவரைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனால் நேயர்களுக்கு நம்பிக்கை தளரும். ஆதலின் நாம் வென்ற கதை ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1970 ஆம் ஆண்டில் இலங்கைத் தென்னைகளில், அதுவரை இந்நாட்டில் அறியப்படாத ஒரு சிறு வண்டு காணப்பட்டது. ஓலையின் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே அதன் புழு சுரங்கம் அறுத்து உண்ணும். தாக்கப்பட்ட ஓலைகள் தீய்ந்தவைபோலத் தோன்றின. தென்னை அழிந்துவிடுமோ என்ற அச்சம் அக்காலத்தில் எழுந்தது. அறிஞர்கள் அவ்வண்டின் தாயகப் பகுதியில் அதற்கு உள்ள இயற்கைப் பகையைத் தேடினர். 1971 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலிருந்து ஒரு நுண்ணிய குளவி கொண்டுவரப்பட்டது. அக்குளவி இங்கே வளர்க்கப்பட்டு, தாக்குண்ட பகுதிகளில் விடப்பட்டது. புழுவின் மீது முட்டையிட்டு அதனை அழிக்கும் அக்குளவி நம் நாட்டில் நிலைபெற்றது, வண்டும் அடங்கிற்று. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்ததும், அறிவித்ததும், அறிஞர் சொற்படி நடந்ததுமே அவ்வெற்றிக்கு அடிப்படை.

இக்கதையில் இன்னொரு படிப்பினையும் உண்டு. நம் கண்ணிற் படாத நண்பர்கள் தோட்டத்தில் வாழ்கிறார்கள். மட்டக்களப்புக் கரையோரத் தென்னந்தோட்டங்கள் நெடுங்காலமாக அறிந்த கருந்தலைப் புழுவையும் சிறு குளவிகளே கட்டுப்படுத்தி வருகின்றன. அண்மை ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் பிற பகுதிகளிலும் தென்னோலைகளின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு ஒட்டியதுபோற் படிந்து தொல்லை தந்துவரும் வெண் ஈயை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியிடுகிறது. அக்கழிவின் மேற் கரிப்பூஞ்சணம் படர்ந்து, கீழ் ஓலைகளும் கீழே நிற்கும் வாழையும் கறுத்துப் போகின்றன. இதனைக் கண்டதும் கடுமையான நஞ்சைத் தெளிக்க முற்படுவோர் பலர். அந்நஞ்சு வெண் ஈயை அழிக்குமுன் அதனை உண்ணும் பூச்சிகளையும் குளவிகளையும் அழித்துவிடும். பின்னர் வெண் ஈ முன்னிலும் பன்மடங்காய்ப் பெருகும். எட்டக்கூடிய உயரமுள்ள மரங்களுக்கு ஓலையின் அடிப்புறத்தில் நீரை விசையாகப் பீச்சிக் கழுவுவது கேடில்லாத முறை. அதனையும் ஒரு வீட்டார் இன்றும் அடுத்த வீட்டார் அடுத்த மாதமும் செய்தாற் பயன் குறைவு. ஒரு வட்டாரத்தார் அனைவரும் ஒரே வாரத்திற் செய்தாற்றான் ஈ திரும்பிவர இடமிராது.

இதுவரை கூறியவை பூச்சிகளால் வரும் கேடுகள். 2006 ஆம் ஆண்டளவில் மாத்தறை மாவட்டத்தின் வெலிகமப் பகுதியில் வேறொரு வகைக் கேடு கண்டறியப்பட்டது. ஓலைகள் மஞ்சளித்தன, ஓலையிதழ்கள் தட்டையாகிக் கீழ்நோக்கி வளைந்தன, ஓரங்கள் காய்ந்தன, விளைவு ஆண்டுக்கு ஆண்டு குன்றியது. வெலிகமத் தென்னை ஓலை வாடல் நோய் என்று பெயரிடப்பட்ட இதற்குக் காரணம், கலச்சுவரற்ற ஒருவகை நுண்ணுயிர் என்று அறியப்பட்டது. நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இதற்கு இல்லை. நோய் பரவிய எல்லையை வகுத்து, நோயுற்ற மரங்களை அகற்றி, அப்பகுதியிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டு செல்வதைத் தடை செய்வதே அதிகாரிகள் கைக்கொண்ட வழி.

தெற்கில் உள்ள நோயைப் பற்றி வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு தென்னங்கன்று லொறியில் ஏறினால் ஒரே இரவில் இத்தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியை அடையும். 2025 ஆம் ஆண்டில் வடக்குத் தெங்கு முக்கோணம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, வட மாகாணத்திற் புதிதாகத் தென்னை நடுவோர் பெருகியிருக்கின்றனர். கன்றுகளுக்குத் தேவை மிகும்போது, எங்கிருந்து வந்தவை என்று கேட்டறியாமல் மலிவான விலைக்கு வாங்கும் ஆசையும் மிகும். தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் நாற்றுமேடைகளிலும், அச்சபை ஏற்றுக்கொண்ட இடங்களிலும் மாத்திரமே கன்று வாங்குங்கள். தெருவோர லொறியில் மலிவாக வாங்கிய ஒரு கன்று ஒரு மாவட்டத்துக்கே நோயைக் கொண்டுவரலாம்.

பயிரின் நோய் ஊரின் நோய் என்பதை நம் நாட்டுச் சட்டமும் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1924 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் இக்கருத்திலேயே பிறந்தவை. ஆயினும் ஒவ்வொரு வளவிலும் உக்கும் குற்றியைத் தேடிச் சட்டம் வந்துகொண்டிருக்க முடியாது. அயலவரே அயலவருக்குக் காவல்.

இங்கே, நம் பகுதிகளுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லாமல் விட இயலாது. பளை, முகமாலைப் பகுதிகளில் எறிகணை பட்டுத் தலையிழந்து நின்ற தென்னைகளைக் கண்டவர்கள் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றபின், ஊர் திரும்பியோர் மீண்டும் பிள்ளைகளை நட்டனர். ஆனால் திரும்பாதவர்களின் வளவுகள் இன்னும் பல இருக்கின்றன. உரிமையாளர் கடல் கடந்து வாழ்கிறார்; படலை பூட்டிக் கிடக்கிறது; உள்ளே விழுந்த மரம் விழுந்தபடியே உக்குகிறது. அடுத்த வீட்டில், ஆறேழு தென்னைகளின் வருவாயை நம்பி வாழும் மூதாட்டி ஒருவர் தாம் நட்ட பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போவதைக் கண்டு, இது தம் தலைவிதி என்று நினைக்கிறார். அது விதியன்று, பக்கத்து வளவின் குற்றி. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் மனமுவந்து பணம் அனுப்பும் நம் உறவினர், தம் வளவைத் துப்புரவாக்க இசைவு கேட்டால் மறுப்பாரா? கேட்பாரில்லாமையே குறை.

ஆகவே ஊரவர் செய்யத்தக்கவை சிலவற்றைத் தொகுத்துக் கூறி முடிக்கிறேன். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு கொப்பி திறவுங்கள். எந்த வளவில் எத்தனை தென்னைகள், எங்கே உக்கும் குற்றி கிடக்கிறது, எந்த மரத்தில் என்ன குறி காணப்படுகிறது என்பவற்றை அதிற் பதியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, இளைஞரும் மாணவரும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று பார்க்கட்டும். அன்றே குற்றிகளைப் பிளந்து எரியுங்கள், எருக்கும்பிகளைக் கிளறுங்கள். ஆளில்லாத வளவுகளின் உரிமையாளருக்குக் கிராம உத்தியோகத்தர் வாயிலாகவோ உறவினர் வாயிலாகவோ அறிவித்து, அவர்கள் இசைவுடன் அவற்றையும் துப்புரவு செய்யுங்கள். இன்னதென்று விளங்காத குறி தோன்றினால், நீங்களே மருந்து தேடி அலையாமல், உங்கள் பகுதித் தெங்கு அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அன்றே தெரிவியுங்கள். ஓலை பறிப்பவரையும் காய் பறிப்பவரையும் இம்முயற்சியிற் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் நிலத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம்; அவர்களோ வட்டின் அருகே சென்று பார்க்கிறார்கள். நோயை முதலிற் காணும் கண் அவர்களுடையது.

மூன்றாம் ஆண்டிற் பட்டுப்போன ஒரு பிள்ளைக்குப் பதிலாக வேறொரு பிள்ளையை நாளையே நட்டுவிடலாம். போன மூன்று ஆண்டுகளை எவரும் திருப்பித் தர முடியாது. வயது முதிர்ந்தவர் ஒருவர் தம் பேரனுக்கென நட்ட மரமாயின், அந்த மூன்று ஆண்டுகளின் பெறுமதியைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதில் நாம் பின்னின்றதில்லை. வடத்தை ஒருவர் மாத்திரம் பிடித்தால் தேர் அசையாது என்பதும் நமக்குத் தெரியும். தென்னையைக் காப்பதும் அத்தகைய பணியே. இவ்வாரம் உங்கள் வளவின் மூலையை ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே ஒரு குற்றி கிடந்தால், அதனை எரிக்கும்போது அயலவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.